வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கூடு என்ற சொல்லுக்கும் கூண்டு என்ற சொல்லுக்கும் இடையே ஒரு மெல்லெழுத்துதான் வித்தியாசம். பொருளில் உள்ள வித்தியாசம் ஒரு தாழ்ப்பாள். கூட்டை அதில் வாழும் உயிரே கட்டிக்கொள்கிறது, அல்லது தேடிக் கண்டுகொள்கிறது. வேண்டும்போது நுழைகிறது, வேண்டாதபோது வெளியேறுகிறது. கூண்டை வேறு யாரோ செய்கிறார்கள். அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. நாய்க்குட்டி வாங்கி வந்தவர்களிடம் முதல் வாரத்திலேயே ஒரு கம்பிக் கூண்டு வாங்கச் சொல்வது இப்போது நம் நகரங்களிலும் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் உச்சா போகாமல் பழக்க அதுவே சிறந்த வழி என்கிறார்கள். கேட்பவரின் முகம் சுருங்கினால் கூடவே ஒரு சமாதானமும் வரும்: இதைக் கூண்டென்று நினைக்காதீர்கள், நாய் இயல்பிலேயே குகையில் வாழும் பிராணி, இது அதற்குக் கூடு மாதிரிதான். என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருப்பது இந்தச் சமாதானம்தான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். பாதி உண்மையாக இருக்கிறது. எந்தப் பாதி குட்டியின் உடம்பிலிருந்து வந்தது, எந்தப் பாதி நம் வசதியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காதவரை அந்தத் தாழ்ப்பாளின் ஓசை காதில் நின்றுகொண்டே இருக்கும்.

குட்டியின் உடம்பிலிருந்தே தொடங்கலாம். பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, காதும் திறந்திருக்காது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கிக் கொடுத்தால்தான் சிறுநீரும் மலமும் இறங்கும். இறங்கியதைத் தாயே நக்கி உட்கொண்டு படுக்கையைத் துடைத்ததுபோல் ஆக்கிவிடும். ஏறக்குறைய 3 வாரம் இப்படியே போகிறது. ஈரப் படுக்கை என்றால் என்னவென்றே அறியாமல் அந்தக் குட்டி வளர்கிறது. மூன்றாம் வாரத்தில் கால் ஊன்ற முடிந்ததும், யாரும் சொல்லாமலே, தட்டுத்தடுமாறிப் படுக்கையைவிட்டு இரண்டடி தள்ளிப் போய்க் காலை மடக்குகிறது. ஐந்தாம் வாரத்தில் அதற்கென்று ஒரு மூலை அமைந்துவிடுகிறது. எட்டு, ஒன்பதாம் வாரத்தில், பாதத்துக்கு அடியில் எது பட்டால் போகலாம் என்பது, மண்ணோ புல்லோ காகிதமோ சிமென்ட் தரையோ, அதன் உடம்பில் பதியத் தொடங்குகிறது. குட்டியின் முதல் 12 வாரங்களை இப்படிப் பருவம் பருவமாகப் பிரித்துப் பார்க்கும் பார்வை பெரிதும் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்ததிலிருந்து வந்தது. அவர்களுடைய நூல் 1965இல் வெளியானது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று தொடங்குகிற நம் பழமொழி, சுத்தம் நாய்க்கு வெளியிலிருந்து பூசப்படுவது, பூசினாலும் ஒட்டாதது என்று எண்ணுகிறது. குட்டியின் முதல் ஐந்து வாரங்கள் அந்தப் பழமொழிக்கு எதிர்சாட்சி. சுத்தத்தைத் தாயிடம் வாங்கிக்கொண்டுதான் அது நம் வாசலுக்கு வருகிறது. அதற்குத் தெரியாதது எல்லை மட்டும்.

தமிழில் அந்தக் காரியத்துக்கு ‘வெளிக்குப் போவது’ என்று பேர். ‘கொல்லைக்குப் போவது’ என்றும் சொல்வதுண்டு. வீடு எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று அறிந்த உயிருக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இரண்டு மாதக் குட்டிக்குத் தன் படுக்கை முடிந்த இடத்தில் வெளி தொடங்கிவிடுகிறது. 900 சதுர அடி அடுக்குமாடி வீட்டில், கூடத்துக் கோடியில் கிடக்கும் சோபாவின் பின்புறம் அதன் கணக்கில் கொல்லைதான். அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிற குட்டி தன் வரையில் மிக ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கிறது. தவறு என்று நாம் சொல்வது இரண்டு வரைபடங்கள் ஒத்துப்போகாத தவறு. இதைக் கண்டுகொண்டால் கூண்டின் நியாயம் உடனே விளங்கிவிடும். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள பெட்டிக்குள் எல்லாமே படுக்கை. ஒதுக்குப்புறம் என்று எதுவும் மிச்சமில்லை. ஆகவே குட்டி அடக்கிக்கொள்ளும். திறந்ததும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டால் இறக்கிவிடும். அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே ஒரு துண்டு தீனியும் ஒரு வார்த்தையும் கிடைத்தால், எது இடம் என்று அதற்குப் புரியத் தொடங்கும். பெரிதாக வளரும் இனமென்றால் பெரிய கூண்டாக வாங்கி உள்ளே தடுப்பு வைத்து, குட்டி வளர வளரத் தடுப்பைத் தள்ளிவைப்பார்கள். இதுவரை சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் இந்தப் பாடத்தின் சாரம் என்னவென்று யோசித்தால், அது படுக்கையின் எல்லையை விரிப்பது என்றே படுகிறது. முதலில் பெட்டி, பிறகு பெட்டி இருக்கிற அறை, பிறகு கூடம், பிறகு அடுக்களை, கடைசியில் வாசல்வரை வீடு முழுதும் ஒரே படுக்கை என்று குட்டியின் உடம்பு ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் அறை எப்படிப் படுக்கையாகிறது? அங்கே தின்று, விளையாடி, ஒரு மனிதக் காலடியில் உறங்கி எழுந்தால் ஆகிறது. அப்படியானால் கூண்டின் வேலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். வருஷக்கணக்கில் அதே இடத்தில் அதே தாழ்ப்பாளோடு நிற்கும் கூண்டு, முதல் பக்கத்திலேயே நின்றுபோன பாடம். எல்லை விரியாமல் நிற்பதோடு போகாது, அழியவும் கூடும். விற்பனைக்காக மொத்தமாகக் குட்டிகளை ஈன வைக்கும் இடங்களில் அவை தங்கள் மலத்தின் மேலேயே படுத்து வளர்கின்றன. ஒதுங்கிப் போக இரண்டடி இடம் கிடைக்காததால், தாய் கொடுத்த அந்த அருவருப்பு மெல்ல மழுங்கிப்போகிறது. பிராங்க்ளின் மக்மிலனும் உடன் ஆய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கடைகளில் வாங்கப்பட்ட நாய்களிடம், சிறிய அளவில் வளர்ப்பவர்களிடமிருந்து வந்த நாய்களைவிட, வீட்டுக்குள் அசுத்தம் செய்கிற பழக்கமும் கூடுதலாகத் தெரிந்தது. கூண்டுதான் பாடம் சொல்கிறதென்றால் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டிகள் முதல் மாணவர்களாக இருந்திருக்க வேண்டும். அவைதாம் எல்லாவற்றையும் மறந்து வருகின்றன.

கூண்டு எதைச் சொல்லித் தருகிறது என்பதைவிட, எதைக் கடனாக வாங்குகிறது என்பதே சரியான கேள்வி என்று நினைக்கிறேன். அடக்கிக்கொள்ளும் குட்டியிடமிருந்து நாம் நேரத்தைக் கடன் வாங்குகிறோம். எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: குட்டியின் வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் 3 மணி. அதுவும் உறங்கும்போது. விழித்தெழுந்ததும் போக வேண்டும், தின்ற சிறிது நேரத்தில் போக வேண்டும், விளையாட்டின் நடுவிலும் போக வேண்டும். நாளுக்கு எட்டுப் பத்து முறை யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். கூண்டுப் பயிற்சியைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான, இங்கிலாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் இயான் டன்பார் இதை மிகத் தெளிவாகச் சொன்னவர். அவர் முறைப்படி கூண்டு குறுகிய நேரத்துக்கு உரியது: மணிக்கொருமுறை திறந்து குட்டியை இடத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அது எப்போது போகும் என்று முன்கூட்டி அறிந்து, அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதற்கான கருவி அது. நெடுநேரம் ஆள் இல்லாத வீட்டுக்கு அவர் சொன்னது வேறு ஏற்பாடு: படுக்கையும் தண்ணீரும் ஒரு பக்கம், போவதற்கான இடம் மறுபக்கம் உள்ள தடுத்த பகுதி. நம்மிடம் வந்து சேரும்போது இந்த இரண்டாவது பாதி வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிறவர் வீட்டுக் குட்டி பகலில் 10 மணி நேரமும், இரவில் 7 மணி நேரமும் உள்ளே இருந்தால், 24இல் 17. கடனைத் திருப்பிக் கொடுக்கும் ஆள் அங்கே இல்லை. தன் படுக்கையை நனைக்கக் கூடாதென்கிற குட்டியின் ஒரே நாகரிகத்தை நெம்புகோலாக வைத்து, அது தாங்க முடியாத நேரத்தில் அதே நாகரிகத்தை அதன் கண்முன் உடைக்கிறோம்.

இனி அந்தக் குகை. ஓநாய் குகை தோண்டுவது ஈனுவதற்கு. குட்டிகள் 8 முதல் 10 வார வயதை எட்டும்போது குடும்பம் குகையைவிட்டுத் திறந்த வெளிக்கு இடம் மாறிவிடுகிறது. வளர்ந்த ஓநாய்கள் வானத்தின் கீழேதான் படுக்கின்றன. இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆக, காட்டு உறவினர்கள் குகையைக் காலி செய்கிற அதே வயதில் நம் வீட்டுக் குட்டியைக் குகைக்குள் குடியேற்றுகிறோம். தெருநாய்களிடம் பார்த்தாலும் இதுவே. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்த் தாய்கள் ஈனும் இடங்களை ஆராய்ந்து 2016இல் எழுதியது. மனித நடமாட்டத்துக்கு அருகிலேயே அவை இடம் தேர்ந்தெடுக்கின்றன என்பது அதன் முடிவு. மாடிப்படிக்கு அடியில், கட்டட வேலை நடக்கும் மனையில், கடையின் பின்சுவரோரம் என்று நம் தெருக்களில் தினம் காண்கிற காட்சிதான். தாய்க்கு வேண்டியது மறைப்பு. அதோடு மனிதர்களின் அண்மை. தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாய் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொள்கிறது. அதுதான் நாயே தேர்ந்த குகை. மேலே கூரை, பின்னால் சுவர், முன்னால் திறப்பு; கதவு இல்லை. நாய்க்கு ஒடுங்கிப் படுக்க ஒரு மூலை பிடிக்கும் என்பது உண்மையான பாதி. அந்த மூலைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்பது நாம் ஒட்டவைத்த பாதி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். பழகிய நாய்கள் கதவு திறந்திருக்கும்போதே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றனவே, பிடிக்காவிட்டால் போகுமா? இதற்கு அவசரமாக விடை சொல்லக் கூடாது. பல நாய்களுக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். ஆனால் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்தில் 1917 வாக்கில் நடந்த ஒன்றை அந்தக் கேள்வியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாய் அங்கே சோதனை மேடையின் வார்களுக்குள் நிற்கவே உடன்படவில்லை. நோயோ பயமோ இல்லை, மற்றபடி சாதுவான நாய். மேடையில் ஏற்றினால் நிலைகொள்ளாமல் தவித்தது, எச்சில் ஓயாமல் வடிந்தது. பாவ்லோவ் அதற்குக் கொடுத்த பெயர் சுதந்திர அனிச்சை. அதைப் போக்க அவர்கள் கையாண்ட வழி எளியது: நாளின் உணவு முழுவதையும் அந்த மேடையில் மட்டுமே வைத்தார்கள். நாய் முதலில் சரியாகத் தின்னவில்லை, எடை குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னத் தொடங்கி, கடைசியில் மேடையில் அமைதியாக நின்றது. உணவை வேறிடத்துக்கு மாற்றியபின் அந்தத் தவிப்பு மீண்டும் தலைகாட்டியது. கூண்டுப் பயிற்சியில், எல்லாச் சாப்பாட்டையும் கூண்டுக்குள்ளேயே வையுங்கள் என்பதுதான் முதல் நாள் பாடம். அது கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. தீனி வைத்துப் பழக்குவது இழுத்துத் தள்ளிப் பூட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் தானாக உள்ளே போகிறதே என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த மேடையில் அமைதியாக நின்ற நாயை மறந்துவிடுகிறோம். அதன் அமைதிக்குக் கீழே இன்னொன்று அழியாமல் இருந்தது.

அழுகையைப் பற்றியும் இதேதான். முதல் இரவுகளில் குட்டி கூண்டுக்குள் ஊளையிடும், கம்பியைச் சுரண்டும். போய்ப் பார்க்காதீர்கள், பார்த்தால் அழுதால் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும், மூன்றாம் நாள் தானாக அடங்கிவிடும் என்பார்கள். அடங்கிவிடுகிறது என்பது மெய்தான். எது அடங்கியது என்பதில்தான் என் ஐயம். நேற்றுவரை உடன்பிறந்தவற்றின் வெதுவெதுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக உறங்கிய உடம்பு அது. தனிமை அதற்குப் புதிது. யாக் பாங்க்செப்பும் உடன் உழைத்தவர்களும் 1978இல் காட்டியது: தனித்து விடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு மயக்கம் தராத சிறு அளவு மார்ஃபின் கொடுத்தபோது அழுகை பெருமளவு தணிந்தது. உடல் வலியைத் தணிக்கிற அதே மருந்து பிரிவின் அழுகையையும் தணிக்கிறது. அடம் என்று நாம் பெயரிடுவதன் வேர் வலியின் வேருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. அப்படியிருக்க, மூன்றாம் இரவின் மௌனத்தை வெற்றி என்று எழுதிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. அது உறக்கமாக இருக்கலாம். கூப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். கம்பிக்கு வெளியே நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதோடு, சிறுநீர் முட்டி அழுகிற குட்டியும் தனிமையில் அழுகிற குட்டியும் ஒரே குரலில்தான் அழுகின்றன. போய்ப் பார்க்காதே என்கிற அறிவுரை முதலாவதையும் சேர்த்தே கைவிடுகிறது.

கூண்டின் பக்கம் நின்று பேசுகிறவர்களின் மிக நேர்மையான வாதம் வேறு. கூண்டு வருவதற்கு முன் என்ன இருந்தது என்று பாருங்கள் என்கிறார்கள். ஈரத்தில் குட்டியின் மூக்கைத் தேய்ப்பதும், செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பதும் இருந்தன. பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அடித்தபின் குட்டி தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, கண்ணைத் திருப்பிக்கொண்டதும், தப்பு செய்தது தெரிகிறது பார் என்று வீட்டார் சொல்லுவார்கள். நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு அந்த முகத்தைச் சோதித்துப் பார்த்தது. உரிமையாளர் வெளியே போயிருக்கும்போது நாய் விலக்கப்பட்ட தீனியைத் தின்றதா இல்லையா என்பதை அவரிடம் மாற்றிச் சொன்னார்கள். குற்ற உணர்வு என்று நாம் படிக்கிற அந்த முகம், நாய் தின்றதா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்து வந்தது. அரை மணி நேரத்துக்கு முன் போன உச்சாவுக்கு இப்போது விழுகிற அடியிலிருந்து குட்டி கற்பது ஒன்றே: இவர் முன்னால் போகக் கூடாது. அதன் பிறகு அது வெளியே அழைத்துப் போனாலும் நம் கண் பார்க்கப் போகாது; சோபாவின் பின்னால் ஒளிந்து போகும். இந்தச் சுழலிலிருந்து குட்டியையும் வீட்டையும் கூண்டு காப்பாற்றியிருக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். வீட்டை அசுத்தமாக்குகிறது என்ற காரணத்துக்காக நாய்களைக் காப்பகங்களில் விட்டுவிடுவது அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் தொடர்ந்து தென்படும் செய்தி. அங்கே காப்பகத்துக்குப் போன நாய் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை. சில மாதங்கள் கம்பிக்குள் இருப்பது அதைவிட மேலல்லவா என்று கேட்டால், மேல்தான். ஆனால் அடிக்குப் பதில் கூண்டு என்பதும் ஆளுக்குப் பதில் கூண்டு என்பதும் வேறு வேறு. முதலாவதற்குச் சொல்லப்பட்ட நியாயத்தை இரண்டாவதற்கு எடுத்துக்கொண்டு போகிறோம்.

ஆளுக்கு மாற்று இல்லை என்பதற்கு ஸ்வீடன் ஒரு சான்று. அங்கே வீட்டு நாயைக் கூண்டில் வைத்து வளர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை; பயணம், போட்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கொண்டுபோக வேண்டும், குட்டி என்றால் இன்னும் அடிக்கடி. பின்லாந்திலும் கூண்டுக்கு ஏறத்தாழ இதே தடை. அங்கும் குட்டிகள் வளர்கின்றன, வாசலுக்குப் போய் நின்று முனகக் கற்றுக்கொள்கின்றன. அங்கே நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் உண்டே, இங்கே ஏது என்று கேட்கலாம். அதைத்தான் சொல்கிறேன். கூண்டை எடுத்த இடத்தில் அவர்கள் ஒரு மனிதரை வைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதைத் தொடாமல் விடவில்லை. அசைய நியாயமான வாய்ப்பில்லாத கூண்டில் எந்த விலங்கை அடைப்பதும் குற்றம் என்கிறது அதன் 11ஆம் பிரிவு. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ நெருக்கமாக அடைத்தோ வைத்திருக்கும் நாயை நியாயமான அளவு நடமாட விடாமல் இருப்பது உரிமையாளரின் குற்றம் என்று நாயைப் பேர் சொல்லியே தனி உட்பிரிவு வைத்திருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சங்கிலியைவிடக் கூண்டு மேல் என்று நம்மூரில் அடிக்கடி கேட்கிற வாதத்துக்கும் அதே உட்பிரிவு பதில் வைத்திருக்கிறது: சட்டம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நாயை நியாயமான அளவு நடமாட விடுகிறார்களா என்பதையே கேட்கிறது.

நம் கிராமங்களில் ஆட்டுக்குப் பட்டி, மாட்டுக்குத் தொழுவம், கோழிக்குப் பஞ்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் அடைப்பிடம் உண்டு. இவற்றைக் காக்கிற நாய்க்கு மட்டும் பொதுவாகத் திண்ணையோரமும் களத்துமேடும்தான். அதனால் நாயை வீட்டுக்குள் பழக்குவதற்கென்று நம்மிடம் கைப்பழக்கமான முறை எதுவும் சேரவில்லை. அடுக்குமாடிக்கு நாய் வந்தபோது முறையும் கூண்டும் ஒரே பெட்டியில் வந்து இறங்கின. வந்த இடத்தின் சூழலைக் கூண்டு அறியாது. சென்னையில் மே மாதத்து மதியம் மின்சாரம் போன வீட்டில், நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் தன் உடம்பைக் குளிர்விக்க முடிகிற பிராணிக்கு, குளிர்ந்த தரை தேடி நகர வழியில்லாமல் போவது சின்ன விஷயமல்ல. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 1978 முதல் உலகமெங்கும் பரவிய பார்வோ வைரஸுக்கு அஞ்சி, 16 வாரம்வரை நீளும் தடுப்பூசிகள் முடியும்முன் குட்டியைத் தெருவில் இறக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அஞ்ச வேண்டிய நோய்தான். ஆனால் எந்தத் தரையில் போவது என்று பாதம் தீர்மானிக்கும் வாரங்களும் அவையே. வழவழப்பான டைல்ஸும் பால்கனியில் விரித்த செய்தித்தாளும் தவிர வேறெதையும் மிதிக்காத குட்டியை நான்கு மாதம் கழித்துப் புல்தரையில் நிறுத்தி, ஏன் போகமாட்டேன் என்கிறது என்று கேட்கிறோம். தெருநாய் புழங்காத இடத்து மண்ணை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து பால்கனியில் வைப்பது கூண்டைவிட அவசரமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பினாயில் ஊற்றித் துடைத்த இடத்தில் நமக்கு வாசம் போனது போலிருக்கும். குட்டியின் மூக்குக்கு அங்கே பழைய கல்வெட்டு அப்படியே இருக்கிறது. அதற்கென்று விற்கும் என்சைம் திரவத்தால் துடைத்தால் அது பெரிதும் கரையும்.

அப்படியானால் வேலைக்குப் போகிறவர்கள் நாய் வளர்க்கக் கூடாதா? வளர்க்கலாம். முதல் இரண்டு மூன்று மாதங்களை யார் கொடுப்பது என்று குட்டி வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வளர்க்கலாம். விடுப்போ, பகலில் இரண்டு முறை வந்துபோகிற ஒருவரோ, தடுத்த பகுதியோ. இரண்டு மாதக் குட்டிக்குப் பதில், அடக்கிக்கொள்ள உடம்பு தேறிய ஒரு வயது நாயைத் தத்தெடுக்கலாம். கூண்டே தெரியாமல் வளர்ந்தால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையிலும், ரயிலில் கார்டு பெட்டியை ஒட்டிய நாய்ப் பெட்டியிலும் மிரண்டுபோகுமே என்பதும் நியாயமான கவலை. அதற்காக அரை மணி, ஒரு மணி என்று பழக்கிவைப்பது நாய்க்குச் செய்கிற நன்மை. அந்த நாளை எதிர்பார்த்துப் பழக்குவதும் அதற்குள்ளேயே வாழவைப்பதும் ஒன்றல்ல. குழந்தையையும்தான் தூளியில் போடுகிறோம், அதுவும் இறங்கி வர முடியாதே என்று ஒருவர் கேட்டால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தூளி தொங்குவது ஆள் புழங்குகிற இடத்தில். அடுப்படியில் வேலை செய்கிறவரின் கை எட்டும் தூரத்தில் அதன் கயிறு இருக்கும். குழந்தை அசைந்தால் கயிறு அசையும், அசைந்தால் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள்.

தமிழில் பழகு என்றால் ஒன்றுக்கு வழக்கப்படுவது. ஒருவரோடு நெருங்கியிருப்பதும் அதுவே. நாயைப் பழக்குவது என்று சொல்லும்போது முதல் பொருள் மட்டும் நினைவில் நின்று இரண்டாவது பின்னுக்குப் போய்விடுகிறது. கூண்டு வாங்கியவர்கள் அதை வீசிவிட வேண்டியதில்லை. முதல் வாரங்களில் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை தொங்கவிட்டால் குட்டியின் மூக்கு விரலில் படுகிற தூரத்தில் வைக்கலாம்; இரவு இரண்டு மணிக்கு அது முனகினால் எழுந்து தூக்கிக்கொண்டு இறங்கி, இருட்டில் அது மோந்து மோந்து இடம் தேடி முடிக்கும்வரை நிற்கலாம். நான்கு மாதமானபின் ஒருநாள், சாப்பாட்டைக் கூண்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றி, கதவை விரியத் திறந்து ஒரு கயிற்றால் கட்டிவைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் அடுத்த அறையில் தங்கள் வேலையைப் பார்க்கலாம். உறக்கம் வரும் நேரத்தில் குட்டி எழுந்து, உடம்பை உதறி, கொட்டாவி விட்டு நடக்கும். கம்பிக்குள் கிடக்கும் பழைய போர்வைக்கா, அடுத்த அறையில் நாற்காலிக்குக் கீழே தெரிகிற பாதங்களுக்கா, எங்கே போய்ச் சுருண்டுகொள்கிறது என்று அன்று பார்க்கலாம்.